பூனை குண்டாக இருந்தால் வளர்ப்பவர் மேல்தான் தப்பா?

கேள்வி: "எங்கள் வீட்டு முத்துவுக்கு ஐந்து வயது. கருத்தடை செய்த நாட்டு ஆண் பூனை. மூன்றாவது மாடி ஃபிளாட்டை விட்டு வெளியே போனதே இல்லை. இப்போது எடை 7 கிலோ. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் 'என்ன இப்படி ஊத விட்டிருக்கீங்க' என்கிறார்கள். போன வருடம் ஒரு டாக்டர், 'இது பாசம் இல்லம்மா, கொடுமை' என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் எந்த டாக்டரிடமும் அவனைக் கொண்டுபோக மனம் வரவில்லை. நான் அவ்வளவு மோசமாகவா வளர்க்கிறேன்? எடையை எப்படிக் குறைப்பது?"

பதில்:

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நம் ஊர் நாட்டு ஆண் பூனைக்கு நாலிலிருந்து ஐந்து கிலோ எடை போதும். ஏழு கிலோ என்பது உடம்புக்கு ஆபத்து, குறைத்தே ஆகவேண்டும். ஆனால் அந்த ஏழு கிலோவைப் பார்த்து உங்கள் மனசையும் வளர்ப்பையும் யாரும் எடைபோட முடியாது. பூனைகளுக்கே அதிகம் வைத்தியம் பார்க்கும் டாக்டராகச் சொல்கிறேன், குண்டுப் பூனையைக் கூடையில் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பெரும்பாலானோர் பொறுப்பானவர்கள். பொறுப்பில்லாதவர்கள் கிளினிக் வாசலுக்கே வருவதில்லை.

இதில் ஒரு முரண் இருக்கிறது, அதை யாரும் வளர்ப்பவர்களுக்கு எடுத்துச் சொல்வதில்லை. நீங்கள் முத்துவுக்குக் கருத்தடை செய்தீர்கள். அதனால் அவன் இரவெல்லாம் கத்திக்கொண்டு அலையவில்லை, மற்ற ஆண் பூனைகளோடு சண்டைபோட்டுக் கடிபடவில்லை, தெருவில் அவனால் குட்டிகள் பெருகவில்லை. வீட்டுக்குள்ளேயே வைத்தீர்கள். அதனால் வண்டியில் அடிபடவில்லை, நாய் கடிக்கவில்லை, எலி மருந்து தின்ற எலியைத் தின்று சாகவில்லை. எல்லாமே சரியான முடிவுகள். ஆனால் கருத்தடைக்குப் பிறகு பூனையின் உடம்புக்குத் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது, பசியோ கூடுகிறது. வீட்டுக்குள்ளேயே இருப்பதால் ஓட்டமும் இல்லை. ஆக, பூனையின் ஆயுளைக் கூட்டுகிற முடிவுகளே அது குண்டாகும் வாய்ப்பையும் கூட்டுகின்றன. ஆபரேஷன் முடிந்த அன்றே "இனிமேல் சாப்பாட்டை இவ்வளவு குறைத்துவிடுங்கள்" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். பல இடங்களில் தையல் பிரிக்கும் தேதியை மட்டும் எழுதிக் கொடுக்கிறோம். அந்தக் குறை எங்கள் தொழிலுடையது.

அடுத்து, "ஊத விட்டிருக்கீங்க" என்கிறார்களே, ஏதோ அண்டா அண்டாவாகக் கொட்டியதுபோல, அந்தக் கணக்கைப் பார்ப்போம். ஐந்து கிலோ எடையில், கருத்தடை செய்து வீட்டுக்குள் இருக்கும் பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 250 கலோரி போதும். ஒரு மேரி பிஸ்கட்டில் ஏறக்குறைய 25 கலோரி இருக்கிறது. நமக்கு அது டீயோடு போய்விடும். பூனைக்கு அது ஒரு நாள் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கு. மனிதக் கணக்கில் எட்டு பிஸ்கட் தின்றதற்குச் சமம். அரை டம்ளர் ஃபுல் க்ரீம் பால், அதாவது 100 மில்லி, 85 முதல் 90 கலோரி. மூன்றில் ஒரு பங்கு தேவை அதிலேயே முடிந்துவிடுகிறது. (வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காது, வயிற்றுப்போக்கு வரும். பூனை என்றாலே பால்தான் என்ற பழக்கத்தை விட்டுவிடலாம்.) ட்ரை ஃபுட் என்றால் 65 கிராமிலேயே 250 கலோரி வந்துவிடும். ஒரு சின்ன காபி டம்ளர் அளவுதான் அது. தட்டு காலியாவது கண்ணில் பட்டதும் கைப்பிடி கைப்பிடியாக நிரப்புகிற வீடுகளில் அதைவிட எவ்வளவு கூடுதலாகப் போகும் என்று நீங்களே பாருங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. தேவைக்கு மேல் தினமும் வெறும் 10 கலோரி, அதாவது மூன்று கிராமுக்கும் குறைவான ட்ரை ஃபுட், விரல் நுனியில் எடுக்கும் ஒரு சிட்டிகை. வருடத்துக்கு 3,650 கலோரி. கொழுப்பாகச் சேர்ந்தால் கிட்டத்தட்ட அரைக் கிலோ. உடம்பு பெருக்கப் பெருக்கச் செலவும் கொஞ்சம் கூடும் என்பதால் இது அப்படியே கூட்டிக்கொண்டே போகும் கணக்கு இல்லை. இருந்தாலும் நாலைந்து வருடத்தில் இரண்டு கிலோ எப்படி ஏறுகிறது என்பது இதிலிருந்து புரியும். தினமும் பார்க்கிற கண்ணுக்கு மாதம் நாற்பது கிராம் தெரியாது. வருடத்துக்கு ஒருமுறை வருகிற சித்திக்குத் தெரியும். சித்திக்கு உங்களைவிட அக்கறை அதிகம் என்று இதற்கு அர்த்தமில்லை, அவர் பார்க்கிற இடைவெளி அதிகம், அவ்வளவுதான்.

பூனை எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கிறதே, பசி இல்லாமலா கேட்கும் என்று நினைப்போம். பூனையின் உடம்பு சின்னச் சின்ன இரைகளுக்காக அமைந்தது. ஒரு சுண்டெலியில் இருப்பது சுமார் 30 கலோரி. தன் போக்கில் வேட்டையாடும் பூனை ஒரு நாளில் எட்டு, பத்து முறை இப்படித் தின்னும். அதனால் அடிக்கடி கேட்பது அதன் இயல்பு. இதில் பேராசை ஒன்றும் கிடையாது. கேட்ட ஒவ்வொரு முறையும் சுண்டெலி அளவுக்கு மேல் கொடுப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு முகத்தை நக்கி எழுப்பும்போது, தூக்கம் கெடாமல் இருக்கட்டும் என்று எழுந்து போடுகிறோம். ஒரு வாரத்தில் அது அவனுக்கு வழக்கமாகிவிடுகிறது. சில சமயம் அவன் கேட்பது துணையைத்தான். தட்டை நிரப்பிவிட்டால் கத்தல் நிற்கிறது, நாமும் அதுதான் வேண்டியிருந்தது போலும் என்று முடிவுகட்டுகிறோம்.

வீட்டில் யார் யார் போடுகிறார்கள் என்பதையும் பாருங்கள். 2024-இல் ரஷ்யாவின் பெர்ம் நகரில் க்ரோஷிக் என்ற பூனையின் படம் உலகமெல்லாம் சுற்றியது. 17 கிலோ. நடக்கக்கூட முடியாத அந்தப் பூனை ஒரு மருத்துவமனையின் அடித்தளத்தில் கிடந்தது. அங்கே வேலை செய்தவர்கள் சூப்பும் பிஸ்கட்டும் போட்டு வளர்த்திருந்தார்கள். ஒருவர்கூட அதற்குக் கெடுதல் நினைக்கவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள், மற்றவர் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது. காப்பகத்தில் வைத்து எடையைக் குறைத்துக்கொண்டு வந்தார்கள். ஆனால் அந்த வருட அக்டோபரிலேயே அது இறந்துவிட்டது. உடம்புக்குள் கட்டிகள் இருந்தது பிறகுதான் தெரிந்தது. அவ்வளவு கொழுப்புக்கு அடியில் அவை முன்கூட்டியே பிடிபடவில்லை.

இதே கதை சின்ன அளவில் நம் கூட்டுக் குடும்பங்களிலும் நடக்கிறது. மருமகள் அளந்து போடுவாள். "பாவம், வாயில்லா ஜீவன்" என்று மாமியார் தயிர் சாதத்தில் ஒரு உருண்டை கொடுப்பார். பிள்ளைகள் சிப்ஸ் போடும். பக்கத்து ஃபிளாட் அக்கா மீன் வாங்கினால் தலையை இங்கே கொடுத்தனுப்புவார். ஊர் வாயில் பெயர் கெடுவது மட்டும் ஒருவருக்கு. அதுவும் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்ணுக்கு. உங்கள் கடிதத்திலும் "நான்" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். முத்துவுக்குச் சாப்பாடு போடுவது நீங்கள் மட்டும்தானா?

சில இடங்களில் முதுமை காரணம். 2012-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் சாண்டா ஃபே விலங்குக் காப்பகத்துக்கு மியாவ் என்ற பூனை வந்தது. 17 கிலோவுக்கும் மேல். அதை வளர்த்தவர் 87 வயது மூதாட்டி. இனிமேல் பார்த்துக்கொள்ள முடியவில்லை என்பதால் காப்பகத்துக்குப் போனது. எடை குறையத் தொடங்கிய சில வாரங்களில் மூச்சுக்கோளாறால் இறந்துபோனது. அந்தப் படத்தைப் பார்த்து எத்தனை பேர் அந்த அம்மாளைத் திட்டியிருப்பார்கள்! 87 வயதில் தனக்கே சாப்பாடு எடுத்துப் போட்டுக்கொள்வது பெரிய காரியம். யாராவது வாரம் ஒரு தடவை போய் அளந்து வைத்துவிட்டு வந்திருந்தால் அந்தப் பூனை பிழைத்திருக்கலாம். திட்டியதால் அதற்கு என்ன கிடைத்தது?

வெளியிலிருந்து பார்த்து முடிவுகட்டுகிறவர்கள் பூனையின் உடம்பையே தப்பாகப் படிப்பதும் உண்டு. பின்னங்கால்களுக்கு முன்னால் வயிற்றின் அடியில் தொங்கித் தொங்கி ஆடுகிற தோல் மடிப்பு ஒல்லியான பூனைக்கும் இருக்கும். பிறவி அமைப்பு அது. பெர்சியன் பூனையின் முடியை நனைத்துப் பார்த்தால் உள்ளே பாதி உடம்புதான் இருக்கும். தோல் வியாதிக்கோ ஆஸ்துமாவுக்கோ நெடுநாள் ஸ்டீராய்டு எடுக்கும் பூனைக்குப் பசி தாங்காது. வளர்ப்பவர் எவ்வளவு கட்டுப்பாடாக இருந்தாலும் எடை ஏறும். இன்னும் முக்கியமானது, முதுகெலும்பு துருத்திக்கொண்டு வயிறு மட்டும் பெருத்திருந்தால் அது கொழுப்பாக இருக்காது. வயிற்றில் நீர் கோத்திருக்கலாம். எஃப்.ஐ.பி. என்ற கொடிய வியாதியில் இளம் பூனைகளுக்கு அப்படித்தான் ஆகும். "நல்லா சாப்பிட்டுக் கொழுத்திருக்கான்" என்று சிரித்துக்கொண்டே பல நாட்களை வீணடிக்கிறார்கள். இப்போது அதற்கு மருந்து இருக்கிறது, ஆனால் நாள் தள்ளக்கூடாது. வயிறு திடீரென்று பெருத்தால் அன்றே டாக்டரிடம் போங்கள்.

எட்டரைக் கிலோவிலிருந்து ஏழுக்கு இறங்கி வந்திருக்கும் பூனையும் பார்க்கிறவர் கண்ணுக்குக் குண்டுப் பூனைதான். அந்த ஒன்றரைக் கிலோவைக் குறைக்க அந்த வீட்டில் யாரோ மாதக்கணக்கில் கிராம் கணக்குப் பார்த்திருப்பார்கள். அவருக்குக் கிடைப்பதும் அதே ஏச்சு.

"ஆளைப் போலவே பூனையும்" என்று வளர்ப்பவரின் உடம்பைச் சேர்த்துக் கேலி பேசுவதும் நடக்கிறது. இதைப் பற்றி நெதர்லாந்தில் ஒரு ஆய்வு செய்து 2010-இல் வெளியிட்டார்கள். நாய்களிடம் வளர்ப்பவரின் பருமனுக்கும் நாயின் பருமனுக்கும் தொடர்பு தெரிந்தது, நடை கூட்டிப்போகும் நேரம் அதற்கு ஒரு காரணம். பூனைகளிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. சின்ன ஆய்வுதான், எண்பது சொச்சம் பிராணிகள். ஆனாலும் பார்த்த மாத்திரத்தில் பேசுகிறவர்களுக்கு அந்த அளவு ஆதாரம்கூட இல்லை.

ஏச்சுக்கு நேர் எதிராகப் புகழ்ச்சியும் இருக்கிறது, அதுவும் அதே அளவுக்குக் கெடுதல் செய்கிறது. குண்டுப் பூனையின் படத்தைப் போட்டால் லைக் குவியும். 2019-இல் ரஷ்யாவில் விக்டர் என்ற பூனையை விமானக் கேபினில் ஏற்றவில்லை. எடை 10 கிலோ, அனுமதி 8 கிலோ. வளர்ப்பவர் ஒல்லியான வேறொரு பூனையைத் தேடிக் கொண்டுவந்து எடைபோட வைத்து, ஏறும்போது விக்டரை மாற்றிக்கொண்டார். ஏரோஃப்ளோட் கண்டுபிடித்து அவருடைய பயண மைல்களைப் பறித்தது. ஊரே அவர் பக்கம் நின்றது. பூனையை விட்டுப் போகாத அந்தப் பாசம் எனக்கும் பிடித்தது. ஆனால் அத்தனை பேரின் ஆதரவிலும் அந்த 10 கிலோவைப் பற்றிப் பேச்சே இல்லை. கின்னஸ் புத்தகம் ஒரு காலத்தில் உலகிலேயே கனமான வீட்டுப் பூனை எது என்றும் பதிவுசெய்தது. ஆஸ்திரேலியாவின் ஹிம்மி, 21.3 கிலோ, 1986-இல் மூச்சுத் திணறி இறந்தது. சாதனைக்காக யாரும் தின்னக் கொடுத்துக் கெடுக்கக்கூடாது என்று அந்தப் பிரிவையே பிறகு நிறுத்திவிட்டார்கள். அது நல்ல முடிவு.

நம் ஊரில் இந்தப் புகழ்ச்சிக்கு ஆழமான வேர் இருக்கிறது. கொழுகொழு என்றிருந்தால்தான் நல்ல வளர்ப்பு, ஒட்டிய வயிறு என்றால் வீட்டுக்கே அவமானம். பஞ்சம் பார்த்த சமூகத்தில் அப்படித்தான் இருக்கும், அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தைப் பாருங்கள். வளர்ப்பவர் போதிய உணவும் நீரும் இடமும் தராவிட்டால் குற்றம் என்கிறது. அதிகமாகப் போடுவதும் துன்பமாகலாம் என்பது அன்றைக்கு யாருடைய யோசனையிலும் இல்லை. இந்த மனநிலை இன்னும் மாறாததால், முத்துவை நீங்கள் ஐந்து கிலோவுக்குக் கொண்டுவந்ததும் அதே ஆட்கள் வந்து "என்ன, இளைச்சுப் போயிட்டான், ஒழுங்கா சோறு போடறதில்லையா?" என்று கேட்பார்கள். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பேச்சை அளவுகோலாக வைத்தால் எந்த எடையிலும் உங்களுக்கு நிம்மதி இருக்காது. எடைக் கருவியை வைத்துக்கொண்டால் போதும்.

அப்படியானால் வளர்ப்பவரைக் கண்டிக்கவே கூடாதா? கண்டிக்க வேண்டிய இடமும் இருக்கிறது. 2007 ஜனவரியில் இங்கிலாந்தில் 70 கிலோவுக்கும் மேல் எடையிருந்த ஒரு லாப்ரடார் நாயின் சொந்தக்காரர்களான இரண்டு சகோதரர்களை, தேவையில்லாத துன்பம் கொடுத்த குற்றத்துக்கு நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. அந்த நாயால் சில அடிக்கு மேல் நடக்க முடியவில்லை. எடையைக் குறைக்கச் சொல்லி முன்பே எச்சரித்தும் கேட்கவில்லை. அப்போதும் சிறைக்கு அனுப்பவில்லை, நிபந்தனையோடு விடுவித்தார்கள். பிராணி வேதனைப்படுகிறது, வழியும் சொல்லியாகிவிட்டது, இருந்தும் மறுக்கிறார்கள் என்றால் அதைக் கொடுமை என்று சொல்லலாம். வழியைச் சொல்லாமலே முதல் சந்திப்பில் "கொடுமை" என்று சொல்வது எந்த நியாயத்திலும் சேராது.

உங்களிடம் அப்படிப் பேசிய டாக்டரின் அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லின் விளைவைப் பாருங்கள்: ஒரு வருடமாக முத்துவை எந்த டாக்டரும் தொட்டுப் பார்க்கவில்லை. குண்டுப் பூனைக்குச் சர்க்கரை வியாதி வரும் வாய்ப்பு சரியான எடையுள்ள பூனையைவிட ஏறக்குறைய நாலு மடங்கு. சீக்கிரம் கண்டுபிடித்து, இன்சுலின் போட்டு, எடையையும் குறைத்தால் பல பூனைகள் ஊசியே தேவைப்படாத நிலைக்குத் திரும்புகின்றன. தாமதமானால் அந்த வாய்ப்பு கைநழுவும். வெட்கப்பட வைத்தால் ஆட்கள் வராமல் போவார்கள், வராவிட்டால் இதெல்லாம் தெரியாமலே போகும். கால்நடை மருத்துவம் படிக்கும் தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால், "எவ்வளவு போடறீங்க?" என்று கேட்பதற்கு முன்னால் "வீட்டுல யாரெல்லாம் போடறாங்க?" என்று கேளுங்கள். முகத்தைச் சுளிக்காமல் கேளுங்கள். உண்மையான பதில் வரும்.

முத்து வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறானா, மணல் தட்டில் ஈரக்கட்டிகள் பெரிதாகிவிட்டனவா, முதுகின் பின்பக்கத்தில் முடி சிக்குப்பிடித்துப் பொடுகு தெரிகிறதா, முன்பு ஏறிய அலமாரியில் இப்போது ஏறத் தயங்குகிறானா என்று பாருங்கள். முதல் இரண்டும் சர்க்கரையாக இருக்கலாம். மூன்றாவது, உடம்பு வளையாமல் நக்கிச் சுத்தம் செய்ய முடியவில்லை என்பதன் அடையாளம். நாலாவது மூட்டுவலியாக இருக்கலாம். இவற்றில் ஒன்று இருந்தாலும் உணவை மாற்றுவதற்கு முன் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒரு முறை காட்டிவிட்டே தொடங்குங்கள். வேறு டாக்டரிடம் போகலாம், தப்பில்லை. சென்னையில் இருந்தால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. உள்ளே போனதும் நீங்களே முந்திக்கொண்டு, "எடை அதிகம்னு தெரியும் டாக்டர், குறைக்கத்தான் வந்திருக்கேன். இவனுக்குச் சரியான எடை எவ்வளவு, நாளைக்கு எத்தனை கிராம் போடணும்?" என்று கேளுங்கள். அதற்கு மேல் யாரும் உங்களைக் குறை சொல்லிப் பேச இடமிருக்காது.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. முதலில் கையால் பார்ப்பது. உங்கள் ஒரு கையை விரித்துக் கவிழ்த்து வைத்து, விரல்களின் மேல்பக்க எலும்புகளைத் தடவுங்கள். சரியான எடையுள்ள பூனையின் விலா எலும்பு அப்படித்தான் தட்டுப்படும். அதே கையைத் திருப்பி உள்ளங்கைப் பக்கம் தடவினால் எலும்பு சதைக்குள் புதைந்திருக்கும். முத்துவின் விலா இந்த இரண்டாவது வகையாக இருந்தால் குறைக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு கொஞ்சமாவது உள்வாங்கியிருக்க வேண்டும். டாக்டர்கள் இதையே 1 முதல் 9 வரை மதிப்பெண் போட்டுப் பார்க்கிறார்கள். 5 சரியானது, அதற்கு மேல் ஒவ்வொரு எண்ணுக்கும் பத்து முதல் பதினைந்து சதவீதம் கூடுதல் எடை என்று கணக்கு.

அடுத்து ஒரு வாரத்துக்கு எதையும் குறைக்காதீர்கள். இப்போது என்ன போகிறது என்பதை மட்டும் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி எல்லாரையும் எழுதச் சொல்லுங்கள். மாமியாரின் தயிர் சாதமும் அதில் வரட்டும். குற்றம் சாட்டுகிற மாதிரி ஆகாமல், "டாக்டர் கேட்டிருக்காங்கம்மா" என்று சொல்லி எழுத வைத்துவிடலாம். பல வீடுகளில் அந்தத் தாளே பாதிக் காரியத்தை முடித்துவிடுகிறது.

அப்புறம் இலக்கு. ஐந்து கிலோவுக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் ஒரு நாளைக்குச் சுமார் 185 முதல் 190 கலோரி. இது ஒரு தொடக்க அளவு, டாக்டர் பார்த்துக் கூட்டிக் குறைப்பார். ட்ரை ஃபுட் மட்டும் என்றால் 50 கிராம். அதைவிட நான் சிபாரிசு செய்வது ஒரு வெட் ஃபுட் பவுச்சும் 30 கிராம் சொச்சம் ட்ரை ஃபுட்டும். பவுச்சில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் 60 கலோரிக்கே வயிறு நிறையும், சிறுநீர்ப் பாதைக்கும் நல்லது. சாதாரண உணவையே ரொம்பக் குறைத்தால் புரதமும் சத்துகளும் சேர்ந்து குறைந்துபோகும். அதனால் கட்டுப்படியாகுமென்றால் எடை குறைப்பதற்கென்றே உள்ள புரதம் கூடிய உணவை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். விலை அதிகம்தான், முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம், கிராம் கணக்கு ஒழுங்காக இருந்தாலே பெரும்பாலும் நடக்கும். வெறும் கோழியோ வெறும் மீனோ வேகவைத்து மாதக்கணக்கில் அதையே போடாதீர்கள், சுண்ணாம்புச் சத்தும் வேறு பல சத்துகளும் குறைந்துவிடும். கிச்சன் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். டம்ளர் அளவு கைக்குக் கை மாறும்.

இந்தப் பதிலில் வேறெதை மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள்: குண்டுப் பூனையைப் பட்டினி போடவே கூடாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே உடம்புக் கொழுப்பு மொத்தமாகக் கல்லீரலில் போய் அடைத்துக்கொள்ளும். ஈறும் காதின் உள்பக்கமும் மஞ்சளாகும். உயிரே போய்விடும். "பசிச்சா தானா தின்னும்" என்று புது உணவை வைத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். பழையதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒன்றிரண்டு வாரத்தில் மாற்றுங்கள். ஒரு நாள் முழுக்க வாய் வைக்கவில்லை என்றால் டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

அன்றைய அளவைக் காலையிலேயே ஒரு டப்பாவில் எடுத்து வைத்துவிடுங்கள். யார் போட்டாலும் அதிலிருந்துதான். மாமியாருக்குக் கொடுக்காமல் இருக்க முடியாது என்றால், கொடுக்கட்டும். அந்த டப்பாவிலிருந்து நாலு ட்ரை ஃபுட் உருண்டையை அவர் கையால் கொடுக்கட்டும். முத்துவுக்கு வேண்டியது அந்தக் கை, தயிர் சாதம் இல்லாமலும் அவன் அதைத் தேடி வருவான். நாலைந்து வேளையாகப் பிரித்துப் போடுங்கள். விடிகாலைப் பங்கை ராத்திரி படுக்கப் போகும்போது போட்டுவிட்டால் ஐந்து மணி அழைப்பு மெல்ல நிற்கும். ஓட்டைபோட்ட பிளாஸ்டிக் பாட்டிலில் ட்ரை ஃபுட் உருண்டைகளைப் போட்டு உருட்ட விடலாம். கயிற்று விளையாட்டு ஐந்து நிமிடம், நாளைக்கு இரண்டு முறை போதும். விளையாட்டால் எரியும் கலோரி கொஞ்சம்தான், ஆனால் சதை கரையாமல் காக்கும், "என்னைக் கவனி" என்ற கத்தலும் குறையும்.

எடை பார்க்க, லக்கேஜ் எடைபோடும் டிஜிட்டல் தொங்கு தராசில் கூடையோடு மாட்டி, கூடையின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஒரே நேரத்தில். வாரத்துக்கு அரை முதல் ஒரு சதவீதம், அதாவது 35 முதல் 70 கிராம் இறங்கினால் அருமை. அந்தக் கணக்கில் ஐந்து கிலோ வர எட்டு மாதம் முதல் ஒன்றேகால் வருடம் வரை ஆகும். வாரம் 140 கிராமுக்கு மேல் இறங்கினால் வேகம் அதிகம், உணவைக் கொஞ்சம் கூட்டுங்கள். நடுவில் எடை அப்படியே நின்றுவிடும், அநேகமாக எல்லாப் பூனைக்கும் அப்படி ஒரு கட்டம் வரும். நாலு வாரம் நகரவே இல்லை என்றால் முதலில் ஃபிரிட்ஜ் கதவுத் தாளை மறுபடி ஒரு வாரம் ஒட்டுங்கள். பக்கத்து ஃபிளாட்டிலிருந்து மீன் தலை மறுபடி வரத் தொடங்கியிருக்கலாம். அதுவும் இல்லையென்றால் டப்பாவில் போடும் அளவில் பத்து சதவீதம், ஐந்து கிராம் மட்டும் குறைத்து இன்னும் நாலு வாரம் பாருங்கள். அதற்கும் இறங்காவிட்டால் மேற்கொண்டு நீங்களாகக் குறைக்காமல், எழுதிவைத்த எடைக் கணக்கை எடுத்துக்கொண்டு டாக்டரைப் போய்ப் பாருங்கள்.